எருமைத் தெருவில் தொடங்கிய உறுமல்

சிங்கப்பூருக்கு வரும் உறவினர்களை நான் முதலில் அழைத்துப் போவது மெரினா பேக்கு அல்ல. தேக்காவுக்கு. லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஒரு கேள்வி கேட்பேன். "ஒரே எருமை, இரண்டு மொழி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தெரு. கண்டுபிடியுங்கள் பார்ப்போம்."

பெரியவர்கள் வெயிலைப் பார்ப்பார்கள். பிள்ளைகள் தெருப் பலகையைப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் பஃபலோ ரோடு. இன்னொரு பக்கம் கெர்பாவ் ரோடு. மலாயில் கெர்பாவ் என்றால் எருமைதான். ஒரு காலத்தில் இங்கே மாட்டுக் கொட்டகைகள் இருந்தன, கால்நடை வியாபாரம் நடந்தது. மாடுகள் போய்விட்டன, பெயர் நின்றுவிட்டது. "தேக்கா" என்பதே ஒரு விடுகதைதான். சீனத்து ஹொக்கியன் பேச்சில் அதற்கு மூங்கிலடி என்று பொருள். மூங்கிலைப் பார்த்த ஆள் இன்று யாரும் இல்லை. ஆனால் சீன மூங்கிலடியில்தான் நாம் முருங்கைக்கீரையும் வாழைப்பூவும் வாங்குகிறோம்.

இப்படிக் கேள்வி கேட்பது என் தொழில் கோளாறு. வானொலியில் பத்து வருடமாக நிகழ்ச்சி நடத்துகிறேன். படித்தது ஊடகம். பிழைப்பது பாட்டில். நான் நடத்தும் மாலை நேர நிகழ்ச்சியில் பதினைந்து நிமிடம் பாட்டுப் புதிர் உண்டு. மூன்று துப்பு தருவேன். நேயர்கள் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். இதில் புதுமை ஒன்றும் இல்லை. இலங்கை வானொலியில் பி.எச்.அப்துல் ஹமீது 'பாட்டுக்குப் பாட்டு' நடத்தியதைக் கேட்டு வளர்ந்தவர்கள் என் அப்பா தலைமுறை. எங்கள் வீட்டில் மின்சாரம் போனால் முதலில் மெழுகுவத்தி, அடுத்தது பாட்டுக்குப் பாட்டு. அதனால் எனக்கு ஒரு இறுமாப்பு இருந்தது. தமிழர் கேட்கும் பாட்டு எதுவாக இருந்தாலும் மூன்று துப்பில் பிடித்துவிடுவேன் என்று.

அந்த இறுமாப்பில்தான் ஒரு வியாழக்கிழமை வாயை விட்டேன்.

நேயர் ஒருவர் தன் மகன் நாள் முழுக்க ஹெவி மெட்டல் கேட்கிறான், என்ன செய்வது என்று புலம்பினார். நான் சிரித்துக்கொண்டே, "விடுங்க அண்ணே, அது பாட்டா, சத்தமா? நம்ம தமிழ்க் காதுக்கு அதெல்லாம் ஒத்து வராது. தானா திரும்பி வந்துடுவான்" என்றேன். அடுத்த பாட்டைப் போட்டேன். ஸ்டுடியோவில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை நிகழ்ச்சியின் வாட்ஸ்அப் எண்ணுக்கு ஒரு செய்தி வந்திருந்தது. திட்டவில்லை. புகார் சொல்லவில்லை. இப்படித்தான் இருந்தது:

"வணக்கம் தங்கச்சி. நீங்க சத்தம்னு சொன்ன ரகத்துல ஒரு பாட்டு. நம்ம சிங்கப்பூர்ப் பாட்டு. அஞ்சு க்ளூ தர்றேன். கூகுள் பார்க்கக் கூடாது. நேயர்களை நீங்க பார்க்க விடறது இல்லையே.

ஒண்ணு: மின்சாரம் நின்ன பிறகு சத்தம் தொடங்கின வீடு.

ரெண்டு: பேர் வேணும்னு அழுதான். அழுகையே பேராச்சு.

மூணு: நம்ம ஊர் மேளத்தோட பேர்தான் இவங்க பாடுற முறைக்கும்.

நாலு: எட்டு இடத்துல கோணல். சபையே சிரிச்சுது.

அஞ்சு: வயசு பன்னெண்டு. அப்பா தண்ணிக்குள்ள.

ஞாயித்துக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு தேக்கா சந்தையில தே தாரிக் குடிப்பேன். தெரிஞ்சா வந்து சொல்லுங்க. தெரியாட்டியும் வாங்க."

அலுவலகத்தில் எல்லோரிடமும் காட்டினேன். ஒலிப்பதிவுப் பிரிவில் இருக்கும் தம்பிக்கு மட்டும் இந்த இசையில் கொஞ்சம் பழக்கம். 'தண்ணிக்குள்ள' என்றதுமே அயர்ன் மெய்டன் என்றான். 1984-இல் வந்த அவர்களுடைய 'பவர்ஸ்லேவ்' ஆல்பத்தில் கோல்ரிட்ஜின் பழைய மாலுமிக் கவிதையை வைத்து ஒரு பாட்டு இருக்கிறதாம். பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடுமாம். "அக்கா, இவங்க ரொம்பப் படிக்கிறவங்க. மகா அலெக்சாண்டருக்கே ஒரு பாட்டு இருக்கு" என்றான். எனக்கு அதுவே முதல் ஆச்சரியம். நான் நினைத்திருந்தது தலைமுடி, மண்டை ஓடு, கூச்சல். பதின்மூன்று நிமிடத்துக்கு ஆங்கிலப் பாடப் புத்தகத்துக் கவிதையைப் பாடுவார்கள் என்று யார் நினைத்தார்கள்?

ஆனால் அது சிங்கப்பூர்ப் பாட்டு இல்லையே. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சனிக்கிழமை இரவு வரை ஒரு துப்பும் துலங்கவில்லை. கூகுளைத் தொடவில்லை. அது ஒன்றுதான் எனக்கு மிஞ்சியிருந்த மரியாதை.

ஞாயிறு காலை பத்து மணிக்கே தேக்காவுக்குப் போய்விட்டேன். நான்கு மணி வரை வீட்டில் இருந்தால் கை தானாகப் போனை எடுத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவைத் தெரியாதவர்கள் இந்த ஊரைப் பாதிதான் பார்த்தவர்கள். ஆறு நாள் கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்தவர்கள் ஒரு நாளுக்குக் கூடுகிறார்கள். அறந்தாங்கிக்காரர் ஒருவர் போனில் வீட்டுக்குச் சத்தம் போட்டுப் பேசுகிறார். பக்கத்தில் வங்காளத்தில் பேச்சு. பூக்கடையில் மல்லிகை வாசம், அதன் மேலே வறுத்த கடலை வாசம், அதற்கும் மேலே பேருந்துப் புகை. சிராங்கூன் சாலையில் நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது கடைக்குக் கடை கேசட் பாடும். ஒரு கடை வாசலில் தொடங்கிய பாட்டு அடுத்த கடை வாசலில் வேறு பாட்டாக மாறும். அப்பா நடந்துகொண்டே "இது என்ன படம்?" என்று கேட்பார். நான் சொல்லவேண்டும். என் தொழில் அங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன். அந்தக் கடைகளில் பலவற்றில் இப்போது போன் கவரும் சிம் கார்டும் விற்கிறார்கள்.

கேம்பல் லேன் தாண்டி ஹேஸ்டிங்ஸ் ரோடு முனையில் நின்றபோது மூன்றாவது துப்பு தானாக வந்து விழுந்தது.

அந்த முனைக்கு ஒரு கதை இருக்கிறது. தைப்பூசத்தன்று காவடிகள் சிராங்கூன் சாலையின் சீனிவாசப் பெருமாள் கோயிலில் புறப்பட்டு டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்கு, நாம் செட்டியார் கோயில் என்போமே அங்கே, நடந்து போகும். முன்பு ஊர்வலத்தில் அடிதடிகள் நடந்ததால், 1973 முதல் பாதையில் இசைக்கருவி வாசிக்கத் தடை. நான் வளர்ந்த தைப்பூசம் அதுதான். கோயிலுக்குள்ளே மேளம் அதிரும், சாலைக்கு வந்ததும் வெறும் கைதட்டலும் 'வேல் வேல்' குரலும். காவடி எடுத்த என் மாமா ஒருமுறை சொன்னார், "மேளம் இருந்தா அலகு வலிக்காது. மேளம் நின்னதும் ஒவ்வொரு ஊசியையும் எண்ணலாம்." 2016-இல்தான் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. அந்த மூன்றில் ஒன்று இந்த ஹேஸ்டிங்ஸ் ரோடு. அந்த வருடம் நான் ஒலிவாங்கியோடு இங்கே நின்றிருந்தேன். நாற்பது வருடத்துக்கு மேல் கழித்து அந்தத் தெருவில் உறுமி ஒலித்தது.

உறுமி! நம் ஊர் மேளத்தின் பெயர். ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மறு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது வரும் அந்த அடிவயிற்றுச் சத்தம் அடிப்பதும் இல்லை, பாடுவதும் இல்லை. உறுமுகிறது, அதனால் உறுமி. ஒலிப்பதிவுத் தம்பி சொன்னது நினைவுக்கு வந்தது. மெட்டலில் தொண்டையைக் கரகரவென்று வைத்துப் பாடுகிறார்களே, அந்த முறைக்கு ஆங்கிலத்தில் குரவுல் என்று பெயர். குரவுல் என்றால் உறுமல். ஆக மூன்றாவது துப்பு பாட்டைச் சொல்லவில்லை. நான் 'சத்தம்' என்று சொன்னதற்குப் பதில் சொல்லியிருக்கிறார் மனுஷர்.

கொஞ்சம் சுருக்கென்றது.

மின்சாரம் நின்ற பிறகு சத்தம் தொடங்கிய வீடு? அந்தத் தம்பிக்கே போன் போட்டேன். "இந்தச் சட்டை, கிட்டார் எல்லாம் எங்கே வாங்குவீங்க?" என்றேன். "பெனின்சுலா, அக்கா. சிட்டி ஹால் பக்கம்."

லிட்டில் இந்தியாவிலிருந்து தோபி காட் ஒரு நிறுத்தம். அங்கே மாறினால் சிட்டி ஹால் இன்னொரு நிறுத்தம். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு எதிர்ப்புறம் இரண்டு பெனின்சுலா இருக்கின்றன. பெனின்சுலா பிளாசாவுக்குள் நுழைந்தால் மியன்மார். பர்மிய எழுத்துப் பலகை, தேயிலை சாலட், வெற்றிலை. நமக்குத் தேக்கா எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. அடுத்த கட்டடம் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர். அங்கே கிட்டார்கள், காலணிகள், கறுப்புச் சட்டைகள். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு ரயில் நிறுத்தம் தள்ளி, எனக்குத் தெரியாத இன்னொரு ஊர்.

கறுப்புச் சட்டைக் கடை ஒன்றில் மலாய் இளைஞர் இருந்தார். முப்பது வயது இருக்கலாம். என் சுடிதாரையும் கையிலிருந்த பூப்பொட்டலத்தையும் பார்த்து, வழி தவறி வந்தவள் என்று நினைத்திருப்பார். துப்புகளை ஆங்கிலத்தில் சொன்னேன். முதல் துப்புக்கே சிரித்தார். "சப்ஸ்டேஷன் லா, சிஸ்டர். ஆர்மீனியன் ஸ்ட்ரீட். நடந்தே போகலாம்." அப்புறம் தலையைச் சாய்த்து, "இது உள்ளூர்ப் பாட்டா? பாடுகிறவர்கள் இந்தியர்களா?" என்று கேட்டார். ஆமாம் போலிருக்கிறது என்றேன். அவருக்கு யோசிக்கவே நேரம் எடுக்கவில்லை.

"ருத்ரா."

தமிழ் வானொலியில் பத்து வருடம் வேலை பார்த்தவளுக்கு, இந்த ஊர்த் தமிழர்களின் இசைக்குழு ஒன்றின் பெயரை ஒரு மலாய்ப் பையன் சொல்லித்தர வேண்டியிருந்தது. ஏதோ என் வீட்டு விலாசத்தை நானே மறந்து நின்று, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்ததுபோல் இருந்தது. அவர் விடவில்லை. 1992-இலிருந்து இருக்கிறார்கள், முதல் ஆல்பம் 1998, தங்கள் இசைக்கு வேதிக் மெட்டல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அடுக்கினார். கூடவே இம்பையட்டி, வார்ம்ராட் என்று வேறு சிங்கப்பூர்க் குழுக்களின் பெயர்களும் வந்தன. வார்ம்ராட் 2017-இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவிலேயே வாசித்தவர்கள். "உங்கள் வானொலியில் ருத்ராவைப் போடுவதில்லையா?" என்று கேட்டார். சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் பூப்பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

ஆர்மீனியன் தெருவுக்கு நடந்தேன். பெரனாக்கன் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் 45-ஆம் எண் கட்டடம். பெயரே விடையைச் சொல்கிறது. பழைய மின் துணை நிலையம். மின்சார வேலை நின்று கிடந்த அந்தக் கட்டடத்தை நாடகக்காரர் குவோ பாவ் குன் 1990-இல் கலை மையமாக்கினார். நாடகம், ஓவியம், குறும்படம் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தார்கள். வேறு எங்கும் இடம் கிடைக்காத மெட்டல், பங்க் பையன்களுக்கும் கொடுத்தார்கள். பின்னாலிருந்த தோட்டத்தில் கச்சேரிகள் நடந்தன. பின்னாளில் அந்தத் தோட்டம் ஒரு மதுக்கூடத்துக்கு வாடகைக்குப் போனது. 2021-இல் கலை மையமே அந்தக் கட்டடத்தை விட்டு வெளியேறியது. நான் போனபோது வாசலில் யாரும் இல்லை. இரண்டு சுற்றுலாப் பெண்கள் சுவரோரம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஊருக்கு இந்த இசையோடு எப்போதும் ஒரு கண் சிவப்புதான். தொண்ணூறுகளில் மேடைக்கு முன்னால் முட்டி மோதி ஆடும் ஆட்டத்துக்குத் தடை இருந்தது. 2019 மார்ச்சில் சுவீடனின் வாட்டெய்ன் குழுவின் கச்சேரியை நடக்கவேண்டிய அன்றைக்கே ரத்து செய்தார்கள். அதே ஊரில்தான் மெட்டாலிகாவும் அயர்ன் மெய்டனும் உள்ளரங்கில் கூட்டத்தை நிரப்பிவிட்டுப் போனார்கள். தைப்பூச உறுமிக்கும் இதே கதிதானே என்று அங்கே நின்றபோது தோன்றியது. ஒரு சத்தத்தைப் பார்த்து முதலில் பயப்படுகிறோம். அப்புறம் மூன்று இடத்தில் மட்டும் விடுகிறோம்.

இரண்டாவது துப்பு விளங்கிவிட்டது. வடமொழியில் 'ருத்' என்றால் அழுவது, அலறுவது. சதபத பிராமணத்தில் கதை இருக்கிறது. பிறந்த பிள்ளை அழுதது. ஏன் அழுகிறாய் என்று கேட்டால், எனக்குப் பெயர் இல்லை, பெயர் கொடு என்றது. அழுததால் ருத்ரன் என்று பெயர் வைத்தார் பிரஜாபதி. இதை எனக்குப் போனில் சொன்னவர் அம்மா. ருத்ரம் ஓதும் வகுப்புக்குப் போகிறவர். "யாருடி கேட்டா?" என்றார். ஹெவி மெட்டல்காரர் என்றேன். "ஓதுறவரா?" என்றார்.

நான்காவதும் ஐந்தாவதும் பாட்டின் தலைப்பைக் காட்டுகின்றன. எட்டுக் கோணல். அதை நானே பிடித்திருக்க வேண்டும். திரும்பி வரும் ரயிலில், தோபி காட்டில் மாறும் அந்த நீளமான நடைபாதையில்தான் பிடித்தேன். அஷ்ட என்றால் எட்டு. வக்கிரம் என்றால் கோணல். அஷ்டாவக்ரன்!

மகாபாரதத்தின் வனபர்வத்தில் வரும் கதை. தாயின் வயிற்றில் இருக்கும்போதே, அப்பா வேதம் ஓதுவதில் உள்ள பிழையைப் பிள்ளை சொல்லிவிடுகிறது. அப்பாவுக்குக் கோபம். எட்டு இடத்தில் கோணிப் போ என்று சாபம். பிள்ளை அப்படியே பிறக்கிறான். அப்பா ஜனகரின் அவையில் வந்தி என்ற பண்டிதனோடு வாதம் செய்யப் போய்த் தோற்று, தண்ணீரில் மூழ்கடிக்கப்படுகிறார். தோற்றவர்களுக்கு அங்கே அதுதான் தண்டனை. பன்னிரண்டு வயதில் பையனுக்கு விவரம் தெரிகிறது. அவைக்குப் போகிறான். சின்னப் பையனை உள்ளே விடமாட்டேன் என்கிறான் வாயில் காவலன். வாயாலேயே வழி வாங்கிக்கொண்டு உள்ளே போகிறான்.

அங்கே நடக்கும் போட்டி என்ன தெரியுமா? புதிர்ப் போட்டி! ஒன்றாக இருப்பது எது, இரண்டாக இருப்பவை எவை என்று வந்தியும் பையனும் மாறி மாறி எண்ணிக்கொண்டே போகிறார்கள். பதின்மூன்றில் வந்தி பாதியில் திக்கி நிற்கிறான். பையன் மீதிப் பாதியைச் சொல்லி முடிக்கிறான். தண்ணீருக்குள் போனவர்கள் எல்லோரும் திரும்பி வருகிறார்கள், அப்பா உட்பட.

நாம் வாய்வழியாகக் கேட்டு வளர்ந்த கதையில் இன்னொரு காட்சி உண்டு. கோணல் உடம்போடு நடந்து வந்தவனைப் பார்த்து அவையே சிரிக்கும். அவனும் திருப்பிச் சிரிப்பான். ஏன் என்று கேட்டால், பண்டிதர்கள் இருக்கிறார்கள் என்று வந்தேன், தோலைப் பார்த்து எடை போடுகிறவர்கள் அல்லவா உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பான்.

ரயில் லிட்டில் இந்தியாவுக்கு வந்துவிட்டது. நான் ஒரு நிறுத்தம் தாண்டி ஃபேரர் பார்க்கில்தான் இறங்கினேன். வியாழக்கிழமை ஸ்டுடியோவில் கேட்ட சிரிப்பு காதில் இருந்தது. அதில் முதல் சிரிப்பு என்னுடையது.

நான்கு மணிக்குத் தேக்கா சந்தையின் உணவங்காடியில் அவரைக் கண்டுபிடிக்கச் சிரமம் இருக்கவில்லை. கறுப்புச் சட்டை. ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் விபூதி. பக்கத்து நாற்காலியில் மளிகைப் பை, அதிலிருந்து முருங்கைக்காய் எட்டிப் பார்த்தது. விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் இரவு வேலை என்றார். எனக்கும் சேர்த்து தே தாரிக் சொல்லி வைத்திருந்தார்.

"ருத்ரா. மெஜஸ்டிக் அஷ்டாவக்ரா... இப்படித்தானே தலைப்பு இருக்கணும் அண்ணே?" என்றேன். 'அஷ்டாவக்ரா' வரை நானே பிடித்தது. முன்னாலிருக்கும் அந்த ஒரு சொல்லுக்குக் கறுப்புச் சட்டைக் கடைக்குப் போன் செய்தேன் என்பதையும் ஒப்புக்கொண்டேன்.

"பரவாயில்ல லா. கூகுள் பண்ணலையே."

2009-இல் வந்த 'பிரம்மவித்யா: டிரான்சென்டென்டல் 1' ஆல்பத்தில் இருக்கிறது அந்தப் பாட்டு. காதொலிப்பானில் ஒன்றை என்னிடம் நீட்டினார். சந்தை இரைச்சலுக்கு நடுவில் கேட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், முதல் தடவை ஒரு சொல்லும் பிடிபடவில்லை. மழைக்காலத்தில் தகரக் கொட்டகைக்குக் கீழே நிற்பதுபோல் இருந்தது. இரண்டாவது தடவை, "பாடறவரைக் கேட்காதீங்க. அடியைக் கேளுங்க" என்றார். கேட்டேன். மூன்றாவது தடவை அவர் சொல்லாமலே உறுமல் கேட்டது. குரல்நாணுக்கு மேலே இருக்கிற மடிப்புகளைச் சேர்த்து அதிர வைத்துப் பாடும் முறை அது. ஒலிவாங்கியில் பிழைக்கிற எனக்கு அதில் இருக்கும் மூச்சுக் கணக்கு புரியும். தெரியாமல் கத்தினால் தொண்டை ஒரே பாட்டில் போய்விடும். முப்பது வருடம் தாங்கவேண்டும் என்றால் அதற்குச் சாதகம் வேண்டும்.

"எனக்குப் பதினெட்டு வயசு அப்போ," என்றார். "தைப்பூசத்துக்கு உறுமி வாசிப்பேன். கோயிலுக்குள்ளதான். ரோட்டுக்கு வந்தா கையைக் கட்டிக்கணும். ஒருநாள் பள்ளிக்கூட மலாய் நண்பன் சப்ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனான். அந்த அடி கேட்டதும், அட, இது நம்மது மாதிரியே இருக்கேன்னு தோணுச்சு. வீட்ல அப்பா, இது பேய்ப் பாட்டுன்னு கேசட்டைத் தூக்கிப் போட்டார். ருத்ரா வந்த பிறகு அட்டையைக் காட்டினேன். உள்ளே சமஸ்கிருத சுலோகம், உபநிஷத்து. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிச்சார். ஒண்ணும் சொல்லலை. கேசட்டைத் திருப்பிக் கொடுத்தார்."

நான் ஒரு கேள்வி வைத்திருந்தேன். கேட்டுவிட்டேன். "ஆனா அண்ணே, பாட்டு ஆங்கிலத்துலயும் சமஸ்கிருதத்துலயும்தானே இருக்கு? தமிழ் இல்லையே?"

"இல்லைதான். பேஸ் கிட்டார் வாசிச்சுப் பாடுற கதிராசன் தமிழர். டிரம்ஸ் வாசிக்கிற சிவா தமிழர். கேக்குற நானும் தமிழன். நீங்க ரேடியோவுல இந்திப் பாட்டு போடுறப்ப யாராவது கேட்டாங்களா?" கோபமில்லாமல்தான் சொன்னார். பிறகு தே தாரிக் கோப்பையை ஒரு சுற்றுச் சுற்றினார். "உறுமி உறுமினா பக்தி. கிட்டார் உறுமினா சத்தம். அது மட்டும் எனக்குப் புரியலை தங்கச்சி."

எனக்கும் பதில் இல்லை. "மன்னிச்சுடுங்க அண்ணே" என்றேன். "எனக்கு எதுக்கு? அந்தப் பையன் கேட்டிருப்பான்ல, அவன்கிட்ட சொல்லுங்க" என்றார்.

அன்றிரவு கூகுள் விரதத்தை முடித்தேன். முதலில் கண்ணில் பட்டது ஒரு ஆய்வுக் கட்டுரை. தேசியக் கல்விக் கழகத்தின் யூஜின் தைரியநாதன் 2009-இல் எழுதியது. வேதிக் மெட்டலும் சிங்கப்பூரின் தென்னிந்தியச் சமூகமும் என்பதுதான் பொருள். நான் ஊடகம் படித்துக்கொண்டிருந்த காலத்தில், நான் படித்த துறைக்குள்ளேயே, என் சமூகத்தைப் பற்றியே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். நான் அப்போது பாலிவுட்டின் உலகமயமாக்கல் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். நல்ல மதிப்பெண் வேறு வாங்கினேன்.

அடுத்த வியாழக்கிழமைக்கு அந்தப் பாட்டைக் கேட்டேன். மாலை ஆறு மணிக்கு உறுமலா என்று நிகழ்ச்சிப் பொறுப்பாளர் முகம் சுளித்தார். குடும்பங்கள் கேட்கும் நேரம் என்றார். சமரசமாக நாற்பது விநாடி கிடைத்தது. மூன்று இடத்தில் மட்டும் அனுமதி என்பதுபோல.

ஒலிபரப்பில் முதலில் போன வாரம் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். 'உங்க மகன் திரும்பி வரவேண்டாம், நாமே கொஞ்சம் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கலாம்' என்று அந்த நேயருக்குச் சொன்னேன். பிறகு அண்ணன் கொடுத்த நான்காவது, ஐந்தாவது துப்பைப் போட்டேன். மெட்டல் பிடித்த இளைஞர் யாராவது அழைப்பார் என்று எதிர்பார்த்தேன்.

முதல் அழைப்பு ஈசூனிலிருந்து. எழுபது தாண்டிய குரல்.

"அஷ்டாவக்ரன்தானேம்மா? இதென்ன புதிர், எங்க பாட்டி சோறு ஊட்டும்போது சொன்ன கதை."

"சரியான விடை பாட்டி! ஆனா இது அவரைப் பத்தின ஒரு பாட்டு. நம்ம சிங்கப்பூர்ப் பிள்ளைங்க பாடினது. நாற்பது விநாடி போடறேன், லைன்லயே இருந்து கேட்டுச் சொல்றீங்களா?"

"போடு, போடு."

போட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுத் தம்பி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். நாற்பது விநாடி முடிந்தது. தொலைபேசியில் ஒரு நிமிடம் போலத் தோன்றிய அமைதி.

"பாட்டி? இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. அடி நல்லாத்தான் இருக்கு. கோயில் மேளம் மாதிரி இருக்கு. ஆனா அந்தப் பிள்ளைக்குத் தொண்டை கட்டியிருக்கு போல. மிளகு ரசம் வச்சுக் குடுக்கச் சொல்லு."

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது வாட்ஸ்அப்பில் அண்ணனிடமிருந்து ஏழு சிரிப்பு முகங்கள் வந்திருந்தன. அவற்றுக்குக் கீழே:

"அதே ஆல்பம். அடுத்த க்ளூ: கடைசியா இறங்க வேண்டியவன் இறங்கினான். உடனே பத்திக்கிச்சு. கூகுள் பார்க்கக் கூடாது."